இருக்கும் கோப்பை இல்லை என்ற கெர்னல்

2022இல் ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை. உபுண்டு 22.04 லினக்ஸில் கம்பைல் செய்த ஒரு சின்ன சி நிரல். அதைக் கன்டெய்னருக்குள், அதாவது நிரலையும் அது ஓடத் தேவையான கோப்புகளையும் சேர்த்துக் கட்டிய பொட்டலத்துக்குள், வைத்து அனுப்பினால் போதும். அளவு குறையட்டும் என்று அடிப்படை இமேஜாக ஆல்பைன் என்ற மிகச் சிறிய லினக்ஸைப் போட்டது நான்தான். வெறும் ஐந்து எம்பி சொச்சம், ஆசை யாரை விட்டது.

ஓட விட்டால் "நாட் ஃபவுண்ட்".

கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை அடித்துப் பார்த்தேன். கோப்பு அங்கேயேதான் இருந்தது. இயக்கும் அனுமதியும் இருந்தது. முழுப் பாதையைக் கொடுத்தாலும் அதே பதில். பக்கத்து இருக்கைத் தம்பி எட்டிப் பார்த்து, "அண்ணா, கண்ணு முன்னாடி இருக்கறதயே இல்லைங்குதே" என்றான். நிரலுக்கும் கெர்னலுக்கும் நடக்கும் பேச்சைக் காட்டும் ஸ்ட்ரேஸைப் போட்டோம். அப்படி ஒரு கோப்பு இல்லை என்று லினக்ஸின் மையமான கெர்னலே பதில் தந்திருந்தது. எந்தக் கோப்பு என்று மட்டும் சொல்லவில்லை. அரை மணி நேரம் போனது அங்கேதான்.

கடைசியில் என் கணினியில், நிரல் கோப்பின் உள்விவரம் காட்டும் ரீட்எல்ஃப் போட்டுப் பார்த்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. 'லிப்64' அடைவில் 'எல்டி-லினக்ஸ்' என்று தொடங்கும் ஒரு கோப்பை எங்கள் நிரல் கேட்டுக்கொண்டிருந்தது.

கட்டளை அடித்ததும் கெர்னல் நேராக நம் நிரலின் தொடக்கமான மெயின் ஃபங்ஷனுக்குள் போய்விடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முதல் நான்கு பைட்டைப் பார்த்து இது எல்ஃப் என்ற லினக்ஸ் நிரல் வகைக் கோப்பு என்று தெரிந்துகொள்கிறது. உள்ளே 'இன்டர்ப்ரெட்டர்' என்று ஒரு பாதை எழுதியிருந்தால், அந்தக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றி, அதையே ஓடவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. நம் நிரல் எங்கே ஏற்றப்பட்டிருக்கிறது, எங்கிருந்து தொடங்க வேண்டும் என்ற விவரத்தை ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் சீட்டு எழுதி வைப்பது போல வைத்துவிடும். மிச்சமெல்லாம் அந்த இன்டர்ப்ரெட்டர், அதாவது டைனமிக் லிங்கர், பாடு. முதலில் தன் முகவரிகளைத் தானே சரிசெய்துகொள்ளும். அப்புறம் தேவையான லைப்ரரிகளைத் தேடி ஏற்றும், பெயர்களுக்கு முகவரி கண்டுபிடித்து முடிச்சுப் போடும், லைப்ரரிகளின் தொடக்க வேலைகளை முடிக்கும். மெயினுக்கு இலை போடுவது கடைசிப் பந்தியில்தான்.

சி நிரல்களுக்கான அடிப்படை லைப்ரரியாக உபுண்டுவில் இருப்பது ஜிலிப்சி, ஆல்பைனில் மஸ்ல். அதன் லிங்கருக்குப் பெயரும் வேறு, இடமும் வேறு. கெர்னல் இல்லை என்றது லிங்கரை. நாங்கள் நிரலைத் தேடிக்கொண்டிருந்தோம். நாம் கட்டளை அடிக்கும் ஷெல்களில் ஒன்றான பாஷ், 5.2 பதிப்பு முதல் 'தேவையான கோப்பு இல்லை' என்று கொஞ்சம் புரிகிற மாதிரிச் சொல்கிறது. ஆல்பைனின் ஷெல் பாஷ் இல்லையே.

அடுத்து நான் செய்த காரியத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் நிரல் கேட்ட பெயரில், மஸ்ல் லிங்கருக்கு ஒரு சிம்லிங்க், அதாவது வேறு கோப்பைக் காட்டும் குறுக்குவழிப் பெயர், போட்டேன். கெர்னல் ஏமாந்தது. லிங்கர் ஏமாறவில்லை. '__பிரிண்ட்எஃப்_சிஎச்கே' என்று ஒன்று தன்னிடம் இல்லை என்று நின்றுவிட்டது. வேகமாக ஓடும்படி ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்தால், உபுண்டுவின் ஜிசிசி கம்பைலர் பாதுகாப்புக்காக, எழுத்தைத் திரையில் காட்டும் பிரிண்ட்எஃப்பை நம்மைக் கேட்காமலே அப்படி மாற்றிவிடும். மஸ்லில் அந்தப் பெயர் கிடையாது.

சரி, ஜிலிப்சி உள்ள இடத்துக்கே போவோம் என்று டெபியன் 11 என்ற இன்னொரு லினக்ஸுக்கு மாற்றினேன். இந்த முறை ஜிலிப்சி 2.34 வேண்டும் என்றது. டெபியன் 11இல் இருப்பது 2.31, உபுண்டு 22.04இல் 2.35.

"அப்படி என்னண்ணா புதுசா கூப்பிட்டோம்?" என்றான் தம்பி. நியாயமான கேள்வி. நாங்கள் எதையும் கூப்பிடவில்லை. மெயினைக் கூப்பிடுகிற '__லிப்சி_ஸ்டார்ட்_மெயின்' என்ற ஃபங்ஷனே 2.34இல் புதுப் பதிப்பு எண் வாங்கியிருந்தது. வணக்கம் மட்டும் சொல்கிற நிரலை 22.04இல் வழக்கம்போலக் கட்டினாலும் டெபியன் 11இல் எழுந்திருக்காது. பழையதில் கட்டியது பொதுவாகப் புதியதில் ஓடும், ஜிலிப்சிக்காரர்கள் பழைய பதிப்புகளை விடாமல் வைத்திருப்பதால்.

டெபியன் 11 கன்டெய்னருக்குள்ளேயே மறுபடி கம்பைல் செய்தோம். ஒன்பதேகாலுக்கு ஓடியது. திங்கட்கிழமை டீம் லீட் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இமேஜ் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?