கம்பவுண்டரின் கல்வம்

மருத்துவர் எழுதித் தந்ததைக் கலக்கிக் கொடுத்தவர் என்ற அளவில் கம்பவுண்டரைக் குறைத்துப் பேசும் பழக்கம் எனக்கு உடன்பாடானதன்று. என் தாத்தா வேலூர் லாங்கு பஜாரை அடுத்த ஒரு மருத்துவரிடம் கம்பவுண்டராக இருந்தவர். மருந்தரைக்கும் பீங்கான் கல்வம், குழவி, சிறு தராசு, அவுன்ஸ் கிளாஸ் ஆகியவையே அவருடைய கருவிகள். 1900-இல், பின்னாளில் சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்ததை நிறுவிய ஐடா ஸ்கடர் இவ்வூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கிய காலத்தில், சீட்டைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மருந்து கலந்து தருவதுதான் எங்கும் வழக்கம்.

எடை கிரெய்ன் கணக்கில் இருந்தது. ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 65 மில்லிகிராம். வீரியமான மருந்தில் ஒரு கிரெய்னை எடுத்து, அளவு கூட்டுவதற்கான நிறையப் பால் சர்க்கரையோடு (லாக்டோஸ்) ஒரேயடியாகக் கொட்டிக் கலந்தால், ஒரு பொட்டலத்தில் மருந்து கூடிவிடும், இன்னொன்றில் பெயருக்குக்கூட இராது. ஆகவே ஒரு கிரெய்ன் மருந்துக்கு ஒரு கிரெய்ன் சர்க்கரை, அந்த இரண்டுக்கு மேலும் இரண்டு, நான்குக்கு நான்கு என்று சேர்த்துச் சேர்த்து அரைப்பார்கள். பொறுமையாகச் செய்ய வேண்டிய அந்த வேலையில்தான் நோயாளியின் உயிர்ப் பாதுகாப்பு அடங்கியிருந்தது.

மீனெண்ணெயைக் குடிக்கத்தக்க பால்மமாக்குவது, அதாவது எண்ணெயும் நீரும் பிரியாமல் பால்போலக் கலக்கச் செய்வது, இதைவிட நுட்பமானது. ஈரம் துளியும் இல்லாத கல்வத்தில் நான்கு பங்கு எண்ணெயோடு ஒரு பங்கு வேலம்பிசின் தூளைக் குழைத்து, இரண்டு பங்கு தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றி, ஒரே பக்கமாக விடாமல் வேகமாக அரைக்க வேண்டும். கலவை வெளுத்துக் கெட்டியாகி, குழவியடியில் மெல்லிய படபடப்பு கேட்கும். அந்த ஒலி எழும் முன் மேற்கொண்டு தண்ணீர் சேர்த்தால் எண்ணெய் பிரிந்து மேலே மிதந்துவிடும்.

மாத்திரைக்கு மருந்தைப் பிசைந்து, குச்சிபோல் உருட்டி, சம அளவாக நறுக்கி, ஒட்டாமலிருக்க அதிமதுரத் தூளில் புரட்டுவார்கள். மிக்சர் பாட்டிலின் பக்கவாட்டில், வேளைக்கு ஒன்றாக வெட்டுகள் கொண்ட காகிதப் பட்டையை ஒட்டுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைப் பார்த்து அளவு தவறாமல் குடித்தார். வண்டல் படியும் மருந்தானால் குலுக்கிக் குடிக்கும்படி சொல்லி அனுப்புவதும் கம்பவுண்டரின் கடமை. குலுக்காவிட்டால் முதல் வேளைகள் நீர்த்துப்போய், கடைசி வேளையில் மருந்து முழுவதும் சேர்ந்துவிடும்.

1843-இல் இங்கிலாந்தில் வில்லியம் பிராக்கெடன் அச்சில் அழுத்தி மாத்திரை செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் தொழிற்சாலை மாத்திரைகள் பெருகப் பெருக, கைவேலை சுருங்கியது. ஆயினும் டி.பார்ம் எனப்படும் மருந்தாளுநர் பட்டயப் படிப்பு மாணவர்கள் செய்முறை வகுப்பில் இன்றும் பால்மம் அரைக்கிறார்கள், பொட்டலம் மடிக்கிறார்கள். அதை மதிப்பெண்ணுக்கான சடங்காக அவர்கள் கருதிவிடக் கூடாது என்பதே என் விருப்பம். பெரியவர்களுக்கான மாத்திரையைப் பொடித்து, பச்சிளங்குழந்தையின் எடைக்கேற்பப் பங்கிட்டுத் தரும் தேவை மருத்துவமனைகளில் இன்னும் இருந்துகொண்டுதான் இருக்கிறது.