ருவாண்டாவில் ஒரு கூழ் வியாபாரமும் எங்கள் சபையும்

போன ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் காபி குடிக்கும் நேரத்தில் எங்கள் சபையில் ஒரு சின்னக் கூட்டம் போட்டார்கள். நான் இப்போது இருப்பது அமெரிக்காவில், வட கரோலினாவில். போவது ஒரு மெதடிஸ்ட் சபைக்கு. ருவாண்டாவில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் சேர்ந்து நடத்தும் ஒரு குழுவுக்கு எங்கள் சபை மூன்று வருடமாகக் கைகொடுத்து வந்தது, அது இந்த மாதத்தோடு முடிகிறது, அடுத்து வேறொரு குழுவைச் சேர்த்துக்கொள்வதா என்று பேசத்தான் கூட்டம். அப்போது ஒரு பெரியவர் எழுந்து, "இத்தனை நாள் கொடுத்துவிட்டு இப்போது நிறுத்தினால் அந்தப் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பாளையங்கோட்டையில் இருக்கிற என் சொந்தக்காரர்களும் போனில் இதையேதான் கேட்கிறார்கள். அவசரத்தில் இரண்டு வரியில் பதில் சொல்லி உட்கார்ந்துவிட்டேன், மனசு ஆறவில்லை, அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதலில் எங்கள் ஊர்க் கதை ஒன்று. சின்ன வயசில் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை ஒரு அனாதை இல்லத்துக்குக் கூட்டிப்போவார்கள். ஆளுக்கு ஒரு கேக் துண்டு, ஒரு சோப்பு, ஒரு துண்டு. அந்தப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், நாங்கள் கொடுப்போம், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பில் எனக்கு அடுத்த பெஞ்சில் உட்காரும் பையன் ஒருவன் அந்த வருடம் வரிசையில் நின்றான். கணக்கில் என்னைவிட நல்ல மார்க் வாங்குகிறவன். கையை நீட்டி வாங்கிக்கொண்டான், முகத்தை மட்டும் நிமிர்த்தவே இல்லை. பதினெட்டு வயசு முடிந்ததும் ஒரு தகரப் பெட்டியும் பாயுமாக அவனை வெளியே அனுப்பினார்கள். அப்புறம் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை, நானும் பல பேரிடம் கேட்டுவிட்டேன். அந்த இல்லத்தை நடத்தியவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு நாளும் அவனைப் பட்டினி போட்டதில்லை. ஆனால் அத்தனை வருடத்தில் பத்து ரூபாயை அவன் கையில் கொடுத்து, இதை என்ன செய்யப்போகிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இதை மனசில் வைத்துக்கொண்டுதான் நான் எங்கள் சபையின் மிஷன் குழுவில் சேர்ந்தேன். நாங்கள் கைகோத்திருப்பது சோயி என்ற அமைப்போடு. சோயி என்றால் கிரேக்கத்தில் ஜீவன். கிரெக் ஜென்க்ஸ் என்ற வட கரோலினா மெதடிஸ்ட் போதகர் 2004ல் ஜிம்பாப்வேக்குப் போய்விட்டு வந்து தொடங்கியது. எய்ட்ஸில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குச் சாப்பாடு, துணி, பள்ளிச் செலவு என்று எல்லோரும் செய்வதைத்தான் அவர்களும் முதலில் செய்தார்கள். கொடுக்கக் கொடுக்க வரிசை நீண்டதே தவிர, வரிசையை விட்டு யாரும் வெளியே போகவில்லை. ருவாண்டாவில் எபிஃபனி முஜாவிமானா என்ற சமூக சேவகி வேறு மாதிரி ஒரு வழியில் அங்குள்ள பிள்ளைகளோடு வேலை செய்துகொண்டிருந்தார். 2007ல் அதைப் பார்த்த இவர்கள் தங்கள் வழியை விட்டு அதற்கு மாறினார்கள். ஒரு ஆப்பிரிக்கப் பெண் கண்டுபிடித்த வழியை அமெரிக்கச் சபைகள் உட்கார்ந்து கற்றுக்கொண்டன என்பதே எனக்கு முதலில் பிடித்தது.

ருவாண்டாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் இதை எழுத முடியாது. 1994 ஏப்ரலிலிருந்து ஏறக்குறைய நூறு நாளில் அங்கே எட்டு லட்சம் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் துட்சி இனத்து மக்கள். அடைக்கலம் தேடி ஆலயங்களுக்குள் ஓடியவர்களை ஆலயத்துக்குள்ளேயே வைத்துக் கொன்றார்கள். தலைநகர் கிகாலிக்குத் தெற்கே நியாமட்டாவில் ஒரு ஆலயத்தை நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே பெஞ்சுகள் மேல் செத்துப்போனவர்களின் உடைகள் குவிந்து கிடக்கின்றன. தகரக் கூரையில் ஓட்டைகள், அந்த ஓட்டை வழியாக வெயில் புள்ளி புள்ளியாக அந்தத் துணிகள் மேல் விழுகிறது. ஒரு சின்னப் பிள்ளையின் கவுனைப் பார்த்தேன், அதற்கு மேல் நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். குருமார் சிலரே கொலைக்குத் துணைபோன நாடு அது, அதற்காக 2017ல் போப் பிரான்சிஸ் மன்னிப்புக் கேட்டார். அப்படிப்பட்ட மண்ணில் சபை என்ற பேரோடு போய் நிற்கிறவர்கள், கொடுக்க வந்தவர்கள் என்ற நினைப்போடு நிற்கவே கூடாது என்று நான் நினைக்கிறேன்.

அந்த நூறு நாளுக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் தம்பி தங்கைகளை வைத்துக்கொண்டு வீட்டுத் தலைவர்களானார்கள். அவர்கள் இன்று நாற்பதைத் தாண்டியவர்கள். இப்போது இருக்கிற பிள்ளைகள் நோயிலும் விபத்திலும் பெற்றோரை இழந்தவர்கள், விட்டுவிட்டுப் போகப்பட்டவர்கள். நாட்டில் முப்பதுக்கு மேல் இருந்த அனாதை இல்லங்களை மெல்ல மூடி, பிள்ளைகளைக் குடும்பங்களோடு சேர்ப்பது என்று 2012 வாக்கில் ருவாண்டா அரசு முடிவெடுத்தது. இல்லம் கட்டித் தருகிறோம் என்று போகிற சபைகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, எங்கள் குழுவுக்கு வருகிறேன். இருபது முப்பது வீடுகள் சேர்ந்தால் ஒரு குழு, தம்பி தங்கைகளையும் சேர்த்து அறுபதிலிருந்து நூறு பிள்ளைகள் வரை வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் தலை, பதினான்கிலிருந்து இருபது வயசுக்குள் இருக்கிற ஒரு பிள்ளை. வாரம் ஒரு நாள் கூடுவார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அவர்களே தேர்ந்தெடுத்தவர்கள், குழுவுக்குப் பேர் வைத்ததும் அவர்களே. உள்ளூர்க்காரர் ஒருவர் கூடவே இருந்து சொல்லிக்கொடுப்பார், ஆனால் முடிவு அவர் எடுக்க மாட்டார். எங்கள் பணம் விதையாகவும் ஆட்டுக்குட்டியாகவும் தொழிலுக்கு முதலாகவும் பயிற்சியாகவும் போகிறது, எதற்கு எவ்வளவு என்பதைக் குழுவே உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கிறது.

இரண்டாவது வருடம் ஜூலையில் எங்கள் சபையிலிருந்து ஆறு பேர் போனோம். நான் நாற்பது ஸ்கூல் பை வாங்கி எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாள் சாயங்காலமே அந்த உள்ளூர்க்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்ப மரியாதையாக, "அக்கா, இவர்கள் பை வாங்கக் காசு சேர்க்கப் பழகிக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் இன்றைக்குக் கொடுத்தால் நாளையிலிருந்து உங்களுக்காகக் காத்திருக்கப் பழகிவிடுவார்கள்" என்றார். சுருக்கென்று பட்டது. கேக் வரிசையில் நின்ற அந்தப் பையன் முகம் அப்படியே கண்ணில் வந்து நின்றது. நாற்பது பைகளும் என்னோடு திரும்பி வந்தன.

மறுநாள் காலையில் ஒரு பெண் வீட்டுக்குப் போனோம். பதினெட்டு வயசு, கூட இரண்டு தம்பிகள். மலைச்சரிவில் மண்செங்கல் வீடு, தகரக் கூரை. வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு கவைக் கம்பு நட்டு நடுவில் மஞ்சள் எண்ணெய் கேன் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள், கீழே ஒரு குச்சி, குச்சிக்கும் கேனுக்கும் ஒரு கயிறு. குச்சியைக் காலால் மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் கொட்டும், கையால் எதையும் தொட வேண்டாம். நாங்கள் ஆறு பேரும் மிதித்து மிதித்துக் கை கழுவினோம், அதற்குப் பிறகுதான் உள்ளே விட்டாள்.

சோளத்தை மூட்டையாக வாங்கி, அரைத்து, பாதியை மாவாக விற்கிறாள், பாதியைக் கூழ் காய்ச்சிச் சந்தைக்குக் கொண்டுபோகிறாள். இகிகோமா என்கிறார்கள் அந்தக் கூழை. எனக்கும் ஒரு குவளை கொடுத்தாள். பாட்டி காய்ச்சிய சோளக்கூழைவிடக் கொஞ்சம் நீர்ப்பாக, லேசான இனிப்போடு இருந்தது. குழுவில் சேருவதற்கு முன்னால் அடுத்தவர் தோட்டத்தில் கிழங்கு தோண்டப் போவாளாம், நாள் முழுக்கத் தோண்டினால் கூலி ஒரு கூடைக் கிழங்கு, வேலை இல்லாத அன்று தம்பிகளைத் தண்ணீர் குடிக்க வைத்துத் தூங்கவைப்பாளாம். அந்தத் தெருவில் எது காணாமல்போனாலும் முதலில் இந்த வீட்டுக்குத்தான் வந்து கேட்பார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறியது.

வீட்டில் எதைக் காட்ட உனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று எங்களில் ஒருவர் கேட்டார். நான் மாவு மூட்டையைக் காட்டுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு, திறந்து, திரும்பவும் போட்டுக் காட்டினாள். முதல் லாபத்தில் வாங்கியது அந்தக் கதவுதான். அதற்கு முன்னால் வாசலில் சாக்குதான் தொங்கியதாம், ராத்திரி குடித்துவிட்டு யாராவது வந்தால் என்ன செய்வது என்று உட்கார்ந்தபடியே தூங்குவாளாம். நாங்கள் போட்ட பட்ஜெட்டில் கதவு என்று ஒரு வரி கிடையாது. எங்களைக் கேட்டிருந்தால் நாங்கள் புத்தகம் வாங்கச் சொல்லியிருப்போம்.

நிலத்து விஷயமும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் அப்பா செத்த பிறகு சித்தப்பா நிலத்தை எடுத்துக்கொண்டார். பெண் பிள்ளைக்கு ஏது பங்கு என்பதுதான் அங்கேயும் பழைய வழக்கம். ஆனால் 1999லேயே மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை என்று ருவாண்டாவில் சட்டம் வந்துவிட்டது, அப்புறம் 2009லிருந்து 2013க்குள் நாடு முழுக்க ஒரு கோடிக்கும் மேல் துண்டு நிலங்களை அளந்து பதிவு செய்தார்கள். சட்டம் இருக்கிறது, ஆனால் பதினாறு வயசுப் பெண் தனியாகப் போய்க் கேட்டால் யார் காது கொடுப்பார்கள்? குழுவில் பிள்ளைகளின் உரிமைகளைப் பற்றிப் பாடம் நடத்தியபோதுதான் இப்படி ஒரு சட்டம் இருப்பதே அவளுக்குத் தெரிந்தது. அங்கே அபுன்சி என்று ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி ஒரு சமரசக் குழு உண்டு, அதன் முன்னால் அவள் போனபோது கூடவே இருபது பிள்ளைகள் போய் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். நிலம் திரும்பி வந்தது. எங்கள் சபை அனுப்பிய எந்தக் காசும் இதைச் செய்திருக்காது, அந்த இருபது பேர் போய் உட்கார்ந்ததுதான் செய்தது.

சேமிப்புப் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு நம்ம ஊர் நினைவு வந்துவிட்டது. இரும்புப் பெட்டி, மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று வேறு வேறு வீடுகளில். ஒருவர் வராவிட்டால் திறக்காது. வாரம் ஆளுக்கு 200 ருவாண்டா பிராங்க் போடுகிறார்கள், அதிலிருந்தே கடன், வட்டியும் அதற்குள்ளேயே. தருமபுரியில் 1989ல் தொடங்கி நம் அம்மாக்கள் மகளிர் சுயஉதவிக் குழுக்களில் வாரா வாரம் செய்த அதே வேலைதான். அந்தப் பணத்திலிருந்துதான் வருடா வருடம் மருத்துவக் காப்பீட்டுக்குக் கட்டுகிறார்கள், நாங்கள் போனபோது அங்கே பெரும்பாலோருக்கு ஆளுக்கு 3000 பிராங்க். காய்ச்சல் வந்தால் கடனாளியாகாமல் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு பையன் வாங்கிய பன்றிக்குட்டி இரண்டும் நோயில் செத்துப்போயின, அவன் இரண்டு மாதம் கூட்டத்துக்கே வரவில்லை. அவன் கடனைத் தள்ளிவிடலாம் என்று நாங்கள் இங்கிருந்து எழுதினோம். குழு ஒத்துக்கொள்ளவில்லை. தள்ளாமல் தவணையை நீட்டினார்கள், அவன் தோட்டத்தில் இரண்டு நாள் எல்லோரும் இறங்கி வேலை செய்தார்கள், அவன் வந்துவிட்டான். ஒரு வீட்டார் ஊரைவிட்டே போய்விட்டார்கள், அதில் இன்னமும் எனக்கு வருத்தம் உண்டு. குழுவில் முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் பெண்ணும் இருந்தாள். எங்கள் சபையில் சிலருக்கு அது கேள்வியாக இருந்தது, எனக்கு இல்லை. பசிக்கிற பிள்ளையிடம் மதம் கேட்டுவிட்டு விதை கொடுப்பது பக்தி ஆகாது, அவ்வளவுதான்.

பெரியவர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: மூன்றாம் வருடம் பணம் நிற்கிறது, குழு நிற்பதில்லை. பெட்டி அவர்களுடையது, நிலம் அவர்களுடையது, கூட்டம் அவர்களாகவே கூடுகிறார்கள். முதல் நாளிலேயே மூன்று வருடம் என்று சொல்லித்தான் தொடங்கியது. எங்கள் திருநெல்வேலிச் சபைகளும் ஒரு காலத்தில் வெளிநாட்டு மிஷனெரி சங்கங்களின் காசில் வளர்ந்தவைதான், 1903ல் நம் ஆட்களே சொந்தக் காணிக்கையில் மிஷனெரி சங்கம் தொடங்கி வேறு ஊருக்கு ஆள் அனுப்பினார்கள். இந்தப் பிள்ளைகள் அதைவிட வேகம், இப்போதே குழுவில் இல்லாத நாலு வீடுகளுக்குச் சோற்றுக்கும் விதைக்கும் இவர்கள்தான் பார்க்கிறார்கள்.

நம் சபைகளில் "திக்கற்ற பிள்ளைகளை விசாரிக்கிறது" என்று சொல்வோம். சின்ன வயசில் அதை நான் கேக் கொடுப்பது என்றே புரிந்துகொண்டிருந்தேன். விசாரிக்கிறது என்றால் எப்படி இருக்கிறாய், என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பது. குழுவில் சேர்ந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெரிய தாள் ஒன்று கொடுக்கிறார்கள், எது உன்னை அழவைக்கிறது, எது சந்தோஷம், என்னவாக ஆசை என்று கேட்டு வரையச் சொல்கிறார்கள். அந்தக் கூழ் விற்கிற பெண்ணின் தாள் அவள் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தது. மேலே கதவு வைத்த வீடு, அதன் பக்கத்தில் ஒரு பசுமாடு. வீட்டின் மேல் டிக் போட்டிருந்தாள், மாட்டின் மேல் போடவில்லை. அந்த ஊரில் ஒருவரை வாழ்த்துவதே "உனக்கு மாடு கிடைக்கட்டும்" என்றுதான், 2006ல் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு மாடு கொடுக்கத் தொடங்கியபோது அந்த வாழ்த்தையே கிரிங்கா என்று திட்டத்துக்குப் பேராக வைத்தார்கள்.

கிளம்பும் முன்னால் நாங்கள் அவர்களுக்காக ஜெபித்தோம். முடிந்ததும் அவள், உங்களுக்காக நாங்கள் எதற்கு ஜெபிக்க வேண்டும் என்று கேட்டாள். சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை, ஊரில் அம்மாவுக்கு முழங்கால் வலி, நடக்க முடியவில்லை என்றேன். அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். நாலு மாதம் கழித்து அந்த உள்ளூர்க்காரர் வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பினார், குழு கேட்கச் சொன்னதாம், உங்கள் அம்மா முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்று. அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போனை எடுத்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "ஏட்டி, அந்தப் பிள்ளைக்கு மாடு வாங்கியாச்சா?"