தியோமானுக்கு எந்தக் கேமரா?

மே 1, 2025, வியாழன்

அண்ணன் காலையிலேயே அழைத்தார். ஜூன் 9ஆம் தேதி மெர்சிங்கிலிருந்து படகு, மலேசியாவின் தியோமான் தீவில் நான்கு நாள், அறையும் போட்டாயிற்று. பள்ளி விடுமுறை என்பதால் அவர் மகளும் வருகிறாள். "அத்தை, இந்தத் தடவை ஆமையை விட்டுடாதீங்க!" என்று பின்னாலிருந்து கத்தினாள்.

போன வருடம் கைப்பேசியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டு இறங்கினேன். இரண்டு மீட்டர் போவதற்குள் தண்ணீரின் அழுத்தத்தில் பை திரையோடு ஒட்டிக்கொண்டது. விரலால் எங்கே தொட்டாலும் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு நேர் கீழே ஓர் ஆமை நிதானமாக மேய்ந்துவிட்டுப் போனது. ஒரு படம்கூட இல்லை. அந்த ஏக்கம் இன்னும் போகவில்லை. இந்த முறை முறையாக ஒரு கேமரா வாங்கப்போகிறேன், 1,500 சிங்கப்பூர் வெள்ளிக்குள்.

மே 4, ஞாயிறு

மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, அண்ணனிடம் இருக்கும் கோப்ரோ, கையடக்க வீடியோ கேமரா. வீடியோவுக்கு அருமையானது, ஹவுசிங் என்ற தண்ணீர் புகாத உறை இல்லாமலே 10 மீட்டர் ஆழம் தாங்கும். ஆனால் பரந்த காட்சியைப் பிடிக்கும் லென்ஸ் என்பதால் கொஞ்சம் தள்ளியிருக்கும் மீன் புள்ளியாகிவிடும், மிக அருகில் கொண்டுபோனால் மங்கிவிடும். எனக்குச் சின்ன உயிர்கள்தான் வேண்டும்.

இரண்டாவது, சோனி ஆர்எக்ஸ்100 வரிசை. ஒரு அங்குல சென்சார், மங்கிய வெளிச்சத்திலும் படம் சுத்தமாக வரும். மனம் அங்கேதான் ஓடியது. ஆனால் அந்தக் கேமரா தண்ணீருக்கானது அல்ல. ஹவுசிங்கில் ஒரு தலைமுடி சிக்கிக் கசிந்தாலும் அத்துடன் முடிந்தது. புதிய மாடலின் விலையே என் பட்ஜெட்டைத் தாண்டுகிறது, ஹவுசிங் தனி.

மூன்றாவது, ஓஎம் சிஸ்டம் டிஜி-7. 2023இல் வந்தது, பழைய ஒலிம்பஸ் டிஜி-6இன் தம்பி. சென்சார் சிறியது, 12 மெகாபிக்சல்தான். ஆனால் வெறும் உடம்போடு 15 மீட்டர் வரை இறங்கும், லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதையும் ஃபோகஸ் செய்யும், பிறகு நிறத்தைத் திருத்த வசதியான ரா கோப்பும் தரும்.

என் ஓப்பன் வாட்டர் லைசென்ஸ், அதாவது டைவிங்கின் ஆரம்பநிலைச் சான்றிதழ், 18 மீட்டர் வரை. கேமரா 15 வரை. அந்த மூன்று மீட்டர்தான் இன்று என்னைத் தூங்கவிடவில்லை. டைவில் ஒரு நல்ல பாறை கண்ணில் பட்டால் கேமராவுக்காக மேலேயே நிற்பேனா?

மே 10, சனி

சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கிப் பெனின்சுலா கேமராக் கடைகளில் இரண்டு மணி நேரம். கடைக்காரர் ஒருவர் பொறுமையாக இரண்டு கேமராவையும் ஹவுசிங்கோடு கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அதுதான் முடிவுக்குக் கொண்டுவந்தது. மீன் நிற்காத நேரத்தில் ஒரு பட்டனைத் தேட எவ்வளவு நேரமாகிறது என்பது கையில் பிடித்தால்தான் தெரிகிறது.

டிஜி-7ஐயே எடுத்தேன், 45 மீட்டர் தாங்கும் பிடி-059 ஹவுசிங்கோடு. ஹவுசிங் விலை கேமராவின் விலையில் பாதிக்கு மேல், கை நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் கணக்கு நேராக இருக்கிறது: ஸ்நோர்கலிங்குக்கு வெறும் கேமரா, டைவிங்குக்கு ஹவுசிங். 15 மீட்டருக்குள் ஹவுசிங் கசிந்தாலும் உள்ளே இருப்பது தண்ணீர் தாங்கும் கேமரா. புதிதாகத் தொடங்குகிற எனக்கு இந்த இரட்டைப் பாதுகாப்பு, பெரிய சென்சாரைவிட முக்கியம்.

தனி ஃபிளாஷ் வாங்கவில்லை. ஒரு டைவ் டார்ச் மட்டும். அப்புறம், ஸ்நோர்கலிங்குக்கு மிதக்கும் கைப்பட்டை ஒன்று. கேமரா கை நழுவினால் நேராகக் கீழேதான் போகும்.

மே 12, திங்கள், விசாக தினம்

விடுமுறை. குளியலறை வாளியில் சோதனை. முதலில் ஹவுசிங்கைக் காலியாக, உள்ளே ஒரு டிஷ்யூ தாளை வைத்து மூடி, அரை மணி நேரம் முக்கி வைத்தேன். தாள் காய்ந்தே இருந்தது. அதற்கப்புறம்தான் கேமரா உள்ளே போனது.

ஹவுசிங் மூடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை எடுத்து, விரல் நுனியில் சிலிகான் கிரீஸை மெல்லத் தடவி, வெளிச்சத்தில் பிடித்துத் தூசு பார்த்தேன். கிரீஸ் அதிகமானால் மணலை அதுவே இழுத்துக்கொள்ளும். ஏர்கான் அறையில் மூடுவது நல்லது. நம் ஊர் ஈரக்காற்றோடு மூடினால் குளிர்ந்த தண்ணீரில் கண்ணாடி பனிக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றும் போட்டுவிட்டேன்.

மே 24, சனி

சிங்கப்பூரின் தெற்குத் தீவான புலாவ் ஹந்துவில் டைவ். எதிரே புக்கோம் எண்ணெய் ஆலையின் கோபுரங்கள், கீழே பச்சை நிறத் தண்ணீர். இரண்டு மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தெளிவில்லாத இந்தத் தண்ணீர்தான் எனக்குச் சரியான பள்ளிக்கூடம்.

முதல் பத்துப் படங்கள் கேமராவின் சொந்த ஃபிளாஷில். அத்தனையிலும் வெள்ளைப் புள்ளிகள், பனி பெய்த மாதிரி. லென்ஸுக்குப் பக்கத்திலிருந்தே வெளிச்சம் போவதால், நடுவில் மிதக்கும் துகள்கள் எல்லாம் அதைத் திருப்பி அனுப்புகின்றன. ஃபிளாஷை அணைத்துவிட்டு, டார்ச்சை இடக்கையில் நீட்டிப் பக்கவாட்டில் பிடித்தேன். புள்ளிகள் பெரும்பாலும் மறைந்தன.

கையில் ஒரு சிவப்பு ரப்பர் வளையம் போட்டிருந்தேன், சும்மா பார்க்கத்தான். எட்டு மீட்டரில் அது கறுத்த பழுப்பாக இருந்தது. டார்ச்சைத் திருப்பியதும் பளிச்சென்று சிவந்தது. தண்ணீர் முதலில் உறிஞ்சுவது சிவப்பைத்தான் என்று படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தபோது மெய் சிலிர்த்தது. ஒரு மீட்டருக்குள் போ, முடிந்தால் அரை மீட்டருக்குள் போ என்று எல்லோரும் சொல்வதற்கும் அதுதான் காரணம். நடுவில் தண்ணீர் குறையக் குறைய நிறம் திரும்பி வருகிறது.

ஒரு நுடிபிராங்க் கிடைத்தது. ஓடில்லாத கடல் நத்தை, என் கட்டைவிரல் நகம் அளவு. மைக்ரோஸ்கோப் மோடில் அதன் கொம்புகளின் மடிப்புகூடத் தெரிகிறது. அந்தப் படம் ஒன்றுக்காகவே ஹவுசிங் வாங்கியதை இனி நினைத்து வருந்தமாட்டேன்.

ஆனால் உடன் வந்த தோழியை எடுத்த படங்கள் சரியில்லை. தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிவிடுவதால், 25 மில்லிமீட்டர் லென்ஸின் பார்வை 33 மில்லிமீட்டர் லென்ஸினுடையது மாதிரி சுருங்குகிறது. அவர் முழுதாகத் தெரிய நான் பின்னால் போக வேண்டியிருந்தது, பின்னால் போனால் பச்சைத் தண்ணீர்தான். ஆட்களை எடுக்க அண்ணனின் கோப்ரோவும் தியோமானுக்கு வரட்டும்.

ஜூன் 10, செவ்வாய், தியோமான்

தெக்கெக் கிராமத்துப் பக்கத்தில் ரெங்கிஸ் தீவைச் சுற்றி ஸ்நோர்கலிங். ஹவுசிங் இல்லாமல் கேமராவை மருமகளிடமே கொடுத்துவிட்டேன். நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைத் தண்ணீர் மோடில் வைத்து, ஒரே ஒரு விஷயம் சொன்னேன்: கிட்டப் போ, ஆனால் பவளத்தைத் தொடாதே.

ஆமை வரவில்லை. அவள் கடல் சாமந்திக்குள் ஒளிந்த கோமாளி மீனை நாற்பது தடவை எடுத்திருக்கிறாள். முப்பத்தொன்பதில் வால்தான். ஒன்றில் மீன் நேராகக் கேமராவைப் பார்க்கிறது, ஆரஞ்சு நிறம் அப்படியே இருக்கிறது.

இரவு அறையில் ஒரு வாளி நல்ல தண்ணீர் பிடித்துக் கேமராவை ஊற வைத்தோம். உப்பு தங்கக்கூடாது என்று பட்டன்களைத் தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருக்கிறாள்.

"நாளைக்கும் நான்தான் எடுப்பேன், அத்தை."

சரி என்று சொல்லிவிட்டேன். நாளை காலை எனக்கு டைவ் இருக்கிறது, அது முடிந்ததும் கேமரா அவளுக்கு.