நாடகக் குழுவும் மாணவர் இதழும்: சேலத்துக் கல்லூரி மாணவர்களுக்கு

கல்லூரியில் சேர்ந்ததுமே நாடகக் குழுவிலும் மாணவர் இதழிலும் பெயர் கொடுக்கலாமா என்று கேட்கும் தங்கை தம்பியரிடம், தாராளமாகக் கொடுங்கள், ஆனால் இரண்டையும் இரண்டு தனி வேலைகளாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்றே நான் சொல்லி வருகிறேன். சேலத்துக் கல்லூரி ஒன்றில் இளங்கலை படித்த மூன்றாண்டுகளும் இரண்டிலும் இருந்து, அரியர் எதுவும் இல்லாமல் வெளியே வந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இவ்விரண்டும் ஒட்டாமல் கிடந்த ஊர் அல்ல இது. ஏற்காடு சாலையில் இன்றும் நுழைவு வளைவு நிற்கிறதே, அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பட நிறுவனத்தை டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய பிறகு, மேடையில் தேறிய நடிகர்களும் பத்திரிகையில் கை பழகிய எழுத்தாளர்களும் சேலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1950-இல் அங்கிருந்து வெளியான மந்திரி குமாரி படம், மு. கருணாநிதி முதலில் மேடைக்காக எழுதிய நாடகம். அவர் பள்ளி நாள்களிலேயே மாணவ நேசன் என்ற கையெழுத்து இதழை நடத்தியவர். கண்ணதாசனும் அந்நிறுவனத்தின் சார்பில் வந்த சண்டமாருதம் இதழுக்கு ஆசிரியராக இருந்திருக்கிறார்.

எங்கள் இதழுக்காக ஒருமுறை செவ்வாய்ப்பேட்டையிலும் பனங்காட்டிலும் உள்ள வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குச் சென்றோம். வெள்ளி விலை ஏறும்போது கூலியும் ஏறுகிறதா என்பதுதான் செய்தி. பற்றவைப்பவர், சலங்கை கோர்ப்பவர், மெருகு போடுபவர் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டோம். வேலை முடியும் நேரத்தில் ஓர் அம்மா தரையைக் கூட்டி, அந்தத் தூசியைக் கொட்டிவிடாமல் முறத்தில் வாரி ஒரு டப்பாவில் போட்டு மூடினார். தூசியோடு வெள்ளித் துகள் கலந்திருக்கும் என்பதால் பட்டறைகளில் குப்பையைக்கூட வீசுவதில்லை. செய்தியில் இது ஒற்றை வரியாகத்தான் இடம்பெற்றது.

அதே செய்தியை நாடகமாக்க உட்கார்ந்தபோது, அந்த அம்மாவாக நடிக்க இருந்த தோழி கேட்ட கேள்விகளுக்கு எங்கள் குறிப்பேட்டில் பதில் இல்லை. குனிந்து கூட்டுவாரா, உட்கார்ந்தபடி நகர்ந்து கூட்டுவாரா? டப்பா யாருடைய பொறுப்பில் இருக்கும்? அதில் சேரும் வெள்ளி முதலாளிக்கா, கூட்டியவருக்கா? இவற்றுக்காகவே மறுபடியும் பட்டறைக்குப் போனோம். கூலியைப் பற்றி அதுவரை யாரும் வாய் திறந்து சொல்லாத பலவற்றை அந்தத் தூசி டப்பாவைப் பற்றிப் பேசும்போதுதான் சொன்னார்கள். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளை இதழியல் பாடம் கற்றுத் தருகிறது. ஆனால் ‘எப்படி’ என்பதை எவ்வளவு ஆழமாகக் கேட்க வேண்டும் என்பது, அந்த ஆளாக மேடையில் நிற்க வேண்டியவருக்கே தெரிகிறது. ஆகவே இதழுக்குச் செய்தி சேகரிக்கப் போகும்போது நடிகர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒரே உழைப்பில் கட்டுரையும் நாடகமும் கிடைக்கும். படிக்க நேரமும் மிஞ்சும்.

குரல் பயிற்சிக்குத் தனி வகுப்பு தேட வேண்டியதில்லை. சேலம் மாவட்டத்துக் கிராமங்களில் இரவு முழுவதும் நடக்கும் தெருக்கூத்தை ஒருமுறை விடியும்வரை இருந்து பாருங்கள். மிருதங்கமும் முகவீணையும் ஒலிக்கும்போது அவற்றோடு மோதாமல் வசனத்தை எங்கே நிறுத்தி எங்கே எடுக்கிறார்கள் என்பதைக் கவனித்தால் போதும். ஒப்பனைக்கும் வாடகை உடைக்கும் இந்த ஊரில் பஞ்சமில்லை. குகைப் பகுதியில் ஆடித் திருவிழாவின்போது நடக்கும் வண்டி வேடிக்கை ஊர்வலத்துக்குத் தெய்வ வேடம் போட்டுவிடும் கைகள் இங்கேயே இருக்கின்றன. ஆடி மாதத்தில் மட்டும் அவர்களை அணுகாதீர்கள், நின்று பேசக்கூட அவர்களுக்கு நேரம் இருக்காது.

படிப்பைப் பொறுத்தவரை, ஆபத்து பருவத் தேர்வில் இல்லை, அகமதிப்பீட்டில்தான் இருக்கிறது. நூறில் 75 பருவத் தேர்வுக்கு, 25 அகமதிப்பீட்டுக்கு என்றால், பெரிய தேர்வுக்கு எல்லோரும் எப்படியாவது படித்துவிடுகிறார்கள். ஒத்திகையில் இருந்ததால் தவறிய உள்தேர்வும், தாமதமான ஒப்படைப்பும்தான் சத்தமில்லாமல் மதிப்பெண்ணைக் குறைக்கின்றன. கல்லூரிகளுக்கிடையேயான போட்டிகள் பெரும்பாலும் பொங்கலுக்குப் பிறகு வருவதால், இரட்டைப் பருவத்தின் (இரண்டு, நான்கு, ஆறாம் பருவங்கள்) உள்தேர்வுகளோடு அவை மோதும். எனவே புதிய நாடகத்தை ஒற்றைப் பருவத்திலேயே எழுதி முடித்து, இரட்டைப் பருவத்தில் ஒத்திகை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. போட்டிக்குச் செல்லும் நாள்களை வருகையாகக் கணக்கிடக் கோரும் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தைப் போவதற்கு முன்பே துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போன பிறகு கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது வீண்.

ஒத்திகை எப்போது முடிய வேண்டும் என்பதைக் குழுவிலேயே தொலைவிலிருந்து வருபவரின் கடைசிப் பேருந்து தீர்மானிக்கட்டும். ஏற்காட்டிலிருந்தோ வாழப்பாடியிலிருந்தோ வரும் மாணவியைப் பதற்றத்தோடு ஓட விடும் குழுவில் மறு ஆண்டு பெண்களே இருக்க மாட்டார்கள். நாடகத்தின் தரத்தைவிட இதை முக்கியமாகக் கருதுகிறேன்.

இதழில் எழுதுவோருக்குச் சில சொற்கள். நீங்கள் நடித்த நாடகத்துக்கு நீங்களே விமர்சனம் எழுதாதீர்கள். உங்கள் குழுவைச் சேராத ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டு, அவர் எழுதியதில் கை வைக்காமல் இருங்கள். படங்களுக்குக் கீழே வரும் பெயர்களையும் தலைப்பெழுத்துகளையும் கடைசியாக ஒருமுறை தனியாகச் சரிபாருங்கள், ஏனெனில் பிழை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஊர்ச் செய்தியில் அரசு அலுவலகத் தகவல் தேவைப்பட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மாணவரும் மனுச் செய்யலாம். பதில் தர முப்பது நாள் அவகாசம் உண்டு என்பதால், இந்த இதழுக்கான கேள்வியை முந்திய இதழ் அச்சுக்குப் போகும்போதே அனுப்பிவிட வேண்டும்.

பிறர் எழுதிய நாடகத்தைப் போடுவதாக இருந்தால், கல்லூரிக்குள் ஆசிரியர், மாணவர், பெற்றோர் முன்னிலையில் மட்டும் நடத்தும்வரை பதிப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. வெளியே பொதுமக்கள் பார்க்கும்படி நடத்துவதானால் நாடகத்தை எழுதியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கேட்டால் மகிழ்ச்சியோடு தருபவர்கள்தான் அதிகம்.

அச்சான செய்திகளையும், தேதியிட்ட நாடகப் பிரதிகளையும், படங்களையும் முதலாண்டிலிருந்தே ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். விகடனின் மாணவர் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டத்துக்கோ, பெரியார் பல்கலைக்கழகத்தில் முதுகலை இதழியலுக்கோ, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் நாடகம் படிக்கவோ விண்ணப்பிக்கும் நாளில், ‘ஆர்வம் உண்டு’ என்று எழுதுவதைவிட அந்தக் கோப்பைக் காட்டுவது எளிது. நேர்காணலில் அதிலுள்ள ஏதாவது ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, இதற்காக யாரைப் பார்த்தாய், என்ன கேட்டாய் என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள்.