மே மாதம் கேட்டேன், ஜனவரியில் கிடைத்தது நீஸ்

பிரான்சின் நீஸ் நகரத்துக்கு மே மாதம் போவதாகத்தான் திட்டம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்று தெரிந்தும், நான் உட்கார்ந்தது ஏப்ரலில். மே மாதத்துக்குள் ஒரு அப்பாயின்ட்மென்ட்கூட இல்லை. அப்புறம் அலுவலகத்தில் லீவு கிடைக்காமல், தீபாவளி தாண்டி, ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

ஆளுக்கு 90 யூரோ கட்டணம், சேவைக் கட்டணம் தனி. பேங்க் ஸ்டேட்மென்ட், ஓட்டல் புக்கிங், லீவு லெட்டர் எல்லாம் அடுக்கி எடுத்துப்போயும் இன்சூரன்ஸில் மாட்டினேன். 30,000 யூரோவுக்குக் குறையாத பாலிசி வேண்டும்; அதில் தவறில்லை. ஆனால் நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய நாளோடு பாலிசி முடிந்துவிட்டது. என் கவனக்குறைவுதான். கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகக் காட்டினார். வெளியே டீக்கடையில் நின்று போனிலேயே தேதியை மாற்றி, பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து ஓடினேன். அம்மாவின் கைரேகை வேறு பதியவில்லை. "அறுபது வருஷமா பாத்திரம் தேய்ச்ச கை, ரேகை எங்க இருக்கும்?" என்றார். நாலாவது முறை பதிந்தது.

தாமதத்தைச் சபித்துக்கொண்டே போன எனக்கு, அங்கே போனதும்தான் புரிந்தது: நீஸ் வளர்ந்ததே குளிர்காலத்தை நம்பித்தான். பனிக்குத் தப்பி வந்த ஆங்கிலேயர்களின் ஊர் இது. கடலோரமாக நீளும் 'ப்ரொமனாத் தெஸ் ஆங்கிலே'யின் பெயரிலேயே அவர்கள் இருக்கிறார்கள். 1820களில், உறைபனியால் பிழைப்பு போனவர்களுக்கு வேலை கொடுக்க அவர்கள் பணம் போட்டுத் தொடங்கிய பாதை. அப்போது இந்த ஊர் பிரான்சிலேயே இல்லை. இன்றைய இத்தாலிப் பக்கம் இருந்த சார்டீனிய அரசிடமிருந்து கைமாறியது 1860ல்தான். 2021ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோதும் 'குளிர்கால ஓய்வு நகரம்' என்றே சேர்த்தார்கள்.

பகலில் 13 டிகிரி, பளிச்சென்று வெயில். நீல நாற்காலிகளில் இடம் காலியாக இருந்தது. கடற்கரையில் மணல் கிடையாது, எல்லாம் கூழாங்கல். மெரினா நினைப்பில் செருப்பைக் கழற்றிய அம்மா ரெண்டே அடியில் திரும்பிவிட்டார். விமான நிலையத்திலிருந்து 2ஆம் எண் டிராம் துறைமுகம் வரை போகிறது, டாக்சி தேவையில்லை. கூர் சலேயா சந்தைக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள். அன்று காய்கறி, பூ இருக்காது, பழம்பொருள்தான். நாங்கள் திங்கட்கிழமைதான் போனோம்.

சாப்பாட்டுக்குப் பயந்தேன். 'சொக்கா' காப்பாற்றியது: கொண்டைக்கடலை மாவு, ஆலிவ் எண்ணெய், உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். பெரிய தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டு, மிளகுத்தூள் தூவிப் பிய்த்துக் கொடுக்கிறார்கள். "அடைக்குத் தம்பி" என்று சொல்லி அம்மா தினமும் கேட்டார்.

கோட்டைக் குன்றில் கோட்டை இல்லை. பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயி 1706ல் இடிக்கச் சொல்லிவிட்டார். ஆனால் கீழே கடலை வளைத்துக்கொண்டு மொத்த ஊரும் தெரிகிறது. ஏறுவதற்கு இலவச லிஃப்ட் உண்டு. மேலே நிற்கும்போது சரியாகப் பன்னிரண்டுக்கு 'டமால்' என்று வெடித்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்றவர் சிரித்துக்கொண்டே கதை சொன்னார்: ஊர்வம்பு பேசி மதியச் சாப்பாட்டுக்குத் தாமதமாக வரும் மனைவிக்கு நேரத்தை நினைவூட்ட, 19ஆம் நூற்றாண்டில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தொடங்கிவைத்த வழக்கமாம். தமிழில் சொன்னேன்.

"அந்த வெடிச் செலவுக்கு ஒரு சமையல்காரி வச்சிருக்கலாம்" என்றார் அம்மா.