நாலு கிண்ணத்தில் லண்டன் மணி

லண்டன் சீப்சைடில் இருக்கிற செயின்ட் மேரி லெ போ ஆலயத்து மணி காதில் விழும் தூரத்தில் பிறந்தவர்தான் அசல் காக்னி, அதாவது கிழக்கு லண்டன்காரர், என்பார்கள். அந்த மணிகளை யூடியூபில் கேட்டதிலிருந்து பிடித்த பைத்தியம் இது. அங்கே பாட்டு வாசிப்பதில்லை. மணிகள் அடிக்கும் வரிசையை மாற்றிக்கொண்டே போவார்கள், அவ்வளவுதான். ஜலதரங்கம் மாதிரி வீட்டில் செய்து பார்த்தேன்.

முதல் நாள் எவர்சில்வர் டம்ளர். 'டங்' என்று அங்கேயே செத்துப்போனது. பீங்கான் கிண்ணத்துக்கு மாறினேன். தண்ணீர் கூடினால் சுருதி இறங்கும். ம க ரி ச என்று நாலு கிண்ணம். மேலிருந்து கீழே இறங்குவதுதான் அவர்களுக்குத் தொடக்க வரிசை. ச கிண்ணத்தில் ஒரு கரண்டி விட்டு, அரைக் கரண்டி எடுத்து, ஒரு மணி நேரம் போனது.

அடுத்த நாள் வரிசை மாற்றம், ம-வுக்கு 1, ச-வுக்கு 4 என்று எண் வைத்து: 1234, 2143, 2413, 4231, 4321, 3412, 3142, 1324. எந்த மணியும் ஒரு தடவைக்கு ஓர் இடம்தான் நகரலாம். காரணம் எடை. போ ஆலயத்தின் பெரிய மணி 2 டன்னுக்கு மேல். முழு வட்டம் சுற்றி வரும் அதைக் கயிற்றால் சற்றுத் தாமதிக்கலாம், சற்று முந்த விடலாம்; அதற்கு மேல் அது கேட்காது. கிண்ணத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, தடுமாறியது நான்தான். 1324-க்கு அப்புறம் 1234-க்குத் திரும்பாமல் 1342 என்று திருப்பினால்தான் எட்டெட்டாக மூன்று சுற்றில், நாலு மணிக்குச் சாத்தியமான 24 வரிசையும் வரும். அந்தத் திருப்பத்தில் ஏழு தடவை கோட்டை விட்டேன்.

கை ஓய்ந்தபோது வரலாறு படித்தேன். இரண்டாம் உலகப் போர் நடந்த 1940 ஜூனில் இங்கிலாந்து முழுக்க ஆலய மணி அடிக்கத் தடை. எதிரி இறங்கினால் மட்டும் அடிக்கலாம். 1941 மே 10 இரவு குண்டுவீச்சில் போ மணிகள் நொறுங்கின. ஆனால் 1926-இல் எடுத்த ஒலிப்பதிவை பிபிசி வெளிநாட்டு ஒலிபரப்பின் இடைவேளையில் போட்டுக்கொண்டிருந்தது. மணி இல்லை, ஓசை மட்டும் கடல் தாண்டிப் போனது! இப்போதுள்ள 12 மணிகள் 1956-இல் வார்த்தவை, 1961-இல் ஒலித்தன. அவற்றில் பொறித்த வாசகங்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'டி விட்டிங்டன்'. லண்டனை விட்டு ஓடியவர், போ மணியோசை கூப்பிட்டுத் திரும்பி வந்து மேயரானார் என்று கதை சொல்லும் டிக் விட்டிங்டன்தான் அது. நான் சேமித்து வைத்திருந்த பதிவுகளில் ஒன்று அந்த 1926 பதிவுதான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

நாலாம் நாள் மகள் இரண்டு கிண்ணம், நான் இரண்டு. 24 வரிசையும் பிசகாமல் வந்தது. அடுத்தது ஆறு கிண்ணம், 720 வரிசை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.