7.85 சென்டிமீட்டருக்கு ஒரு தடிப்பு

நூலில் விழுந்து மூன்று வாரமாக உயிரை வாங்கிய தடிப்பு ஒருவழியாக ஒழிந்தது. ஆர்க்ரைட் என்ற ஆங்கிலேயர் 1769-ல் காப்புரிமை வாங்கிய நூற்பு இயந்திரத்தில் பஞ்சை இழுத்து மெலிதாக்கும் ரோலர் பகுதியை மட்டும் செய்துகொண்டிருக்கிறேன். அசலில் நான்கு ஜோடி ரோலர்கள். என் பொறுமைக்கு இரண்டு ஜோடி போதும். முன் ஜோடி பின் ஜோடியைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் சுற்றும்.

முதலில் மிரட்டியது இடைவெளி. என்னிடமிருந்த பஞ்சில் இழை நீளம் சுமார் 28 மி.மீ. ஜோடிகளை 50 மி.மீ. தள்ளி வைத்தபோது நடுவில் பிடிமானமற்ற இழைகள் கொத்துக்கொத்தாகப் பாய்ந்து, நூல் பாம்பு இரை விழுங்கியதுபோல் வந்தது. 24-க்கு நெருக்கினால் ஒரே இழையை இரு பக்கமும் கவ்விக்கொண்டு அறுத்தது. 31-ல்தான் வழிக்கு வந்தது. ரோலர் யோசனை ஆர்க்ரைட்டுக்குச் சொந்தமானதல்ல. லூயிஸ் பால் என்பவர் 1738-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனாலும் காசு பார்த்தவர் ஆர்க்ரைட். இடைவெளியும் மேல் ரோலரை அழுத்தும் எடையும் அவருக்குப் பிடிபட்டிருந்தன என்பதை இப்போது என் விரல்களே ஒப்புக்கொள்கின்றன. நான் எடைக்கு மணல் நிரப்பிய டப்பாக்களைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

பிறகு வந்ததுதான் அந்தத் தடிப்பு. சீரான இடைவெளியில் ஒரு புடைப்பு. பஞ்சைத் திட்டினேன், கைப்பிடியைச் சுற்றும் என் கையைத் திட்டினேன். கடைசியில் நூலை மேசையில் நீட்டி அளந்தால், 7.85 செ.மீ.க்கு ஒன்று! 25 மி.மீ. ரோலரின் சுற்றளவு அதுவேதான். பின் ரோலரில் கோளாறு என்றால் ஐந்து மடங்கு நீண்டு 39 செ.மீ.க்கு ஒருமுறை வந்திருக்கும். ஆக, குற்றவாளி முன் மேல் ரோலர். அதில் சுற்றிய தோலின் மூட்டு, நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு மேடாக இருந்தது. தோலை உரித்து, இரு ஓரங்களையும் சாய்வாகச் சீவி, மூட்டு கோணலாக ஓடும்படி ஒட்டினேன். புடைப்பு போயிற்று.

தோல், செருப்புத் தைப்பவரிடம் வாங்கிய மிச்சத் துண்டு. பித்தளைக் கீழ் ரோலரில் வரி வெட்டக் கொடுத்த லேத் பட்டறை மட்டும் இரண்டு முறை அளவைக் கெடுத்தது. அம்பர் ராட்டையின் (பல கதிர்கள் கொண்ட கை ராட்டை) பழைய ரோலர்கள் கிடைத்தால் அந்தப் படியேறும் வேலை மிச்சம். அதிலும் இதே இழுப்பு முறைதான்.

முறுக்கு இன்னும் கையால் சுழற்றும் தக்களியில்தான் கொடுக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. அந்தக் காலத்து ஜென்னி என்ற கை நூற்பு இயந்திரத்தின் நூல் ஊடைக்கு (குறுக்கே ஓடும் நூல்) மட்டுமே ஆகும் என்பதால் இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாளர்கள் பாவுக்கு (தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூல்) லினன் நூலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்; 1771-ல் ஆர்க்ரைட் தொடங்கிய கிராம்ஃபோர்டு ஆலைதான் பாவுக்குத் தாங்கும் பருத்தி நூலைத் தந்தது. என் நூல் பாவுக்குத் தாங்குமா என்பதைக் கதிரையும் முறுக்கும் இறக்கையையும் பொருத்திய பிறகுதான் பார்க்க வேண்டும். அதற்குள் ரோலரையும் ஜென்னியையும் கலந்த கிராம்ப்டனின் 1779 மியூல் இயந்திரத்துக்கு நகரும் வண்டியின் படம் வரைந்து வைத்திருக்கிறேன். சக்கரத்துக்குப் பழைய தையல் மெஷின் தேடுகிறேன்.